கையைக் காட்டு மாப்ள, டவரை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள செல்வம்,

முதலில் உன் கை விஷயம், ஊர்ச் செய்தியெல்லாம் அப்புறம். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போகிறது, காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கிறது, மகளோடு போனில் பேசி முடித்தாலும் அப்படித்தான், போன் வைக்கிற காது கொதிக்கிறது, பக்கத்துத் தெருவில் டவர் வந்ததிலிருந்து தங்கச்சிக்குத் தலைவலி என்று வரிசையாக எழுதிவிட்டு, எல்லாம் கதிர்வீச்சுதான் என்று நீயே முடிவும் கட்டி, போனுக்குப் பின்னால் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் வாங்கிவிட்டாய். படித்ததும் எனக்குக் கவலையாகப் போய்விட்டது மாப்ள. டவரை நினைத்து இல்லை. மரத்துப்போகிற விரலை இவ்வளவு நாளாக ஒரு டாக்டரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறாயே, அதை நினைத்துத்தான்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது. முழங்கையின் உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் குறுகலான ஒரு பாதை வழியாக அது போகிறது, கையை நன்றாக மடக்கினால் நரம்பு இழுபடும், பாதையும் நெருக்கும். நீ என்ன செய்கிறாய், துபாயில் இருக்கிற உன் மகளோடு தினமும் கட்டிலில் சாய்ந்தபடி கையை மடக்கிப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறாய், அப்புறம் அதே கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாய், ஹாஸ்டலில் இருந்தபோதே நீ அப்படித்தான் தூங்குவாய். விரல் மரத்துப்போவதற்கு இது போதும். ஆனால் இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் இதே மாதிரி வரும், உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, அதுவும் நரம்பைக் கெடுக்கும். எது என்று பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும். ஆரம்பத்திலேயே போனால் கையை நீட்டி வைத்துத் தூங்குவது, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என்று பழக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் குறைந்துவிடும், விட்டுவிட்டால் பிடி தளர்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிப்போகிற அளவுக்குப் போகும். என்றைக்காவது கை வலியோடு நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கு எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பாய். என் வலது கட்டைவிரலால் தெரிந்தது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை இப்போது எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும், நடுராத்திரி தாண்டியதுமே உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து விவசாயிகள் மெசேஜ் போட ஆரம்பித்துவிடுவார்கள், மல்லி என்ன விலை போகிறது, பிச்சி எடுத்து வரலாமா, நேற்றுப் போட்ட எடைக்குச் சீட்டு அனுப்பு என்று. ஒரு கையில் தராசு, ஒரு கையில் போன், பதில் எல்லாம் ஒற்றைக் கட்டைவிரலால். முகூர்த்த சீசன் முடிந்தபோது என்னால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. டாக்டரிடம் போனால், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற நாலு விரலால் அதை மூடிக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன், உயிர் போய்விட்டது. கட்டைவிரலை அசைக்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே உறைக்குள் போகின்றனவாம், அந்த உறை தடித்து உரசுவதால் வருகிற வலி. டி குவெர்வெய்ன் என்று பெயர். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஒருவர் 1895-ல் விவரித்து எழுதியது, அன்றைக்கு உலகத்தில் ஒருவர் கையிலும் செல்போன் கிடையாது.

இன்னொன்று சொல்கிறேன் கேள். எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அக்காவிடம் இருப்பது பட்டன் போன், அதுவும் பாதி நாள் வீட்டில் கிடக்கும். அவருக்கும் அச்சு அசல் இதே இடத்தில் வலி. நாளெல்லாம் நாரை இழுத்து முடிச்சுப் போடுகிற கை. பச்சைப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற இளம் தாய்மார்கள் இந்த வலியோடு நிறைய வருவார்கள் என்று டாக்டர் சொன்னார். அக்கா கை அவருடைய பிழைப்பு, அதனால் விடமாட்டேன் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டுகிற பட்டை இரண்டு பேருக்கும் வாங்கினேன். எனக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, குறையாவிட்டால் ஊசி என்றிருக்கிறார்கள். விவசாயிகளுக்கு இப்போது வாயால் பேசித்தான் பதில் அனுப்புகிறேன், அவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூட மகனுடைய கம்ப்யூட்டரில் பத்து விரலாலும் அடிக்கிறேன்.

கழுத்து வேறு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பூ நிறுக்கிற பழக்கம் மார்க்கெட்டில் எல்லாருக்கும் உண்டு, சாயங்காலம் ஆனால் எல்லாரும் தலைவலித் தைலம் தேடுவோம். நியூயார்க்கில் ஒரு முதுகெலும்பு மருத்துவர் 2014-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். தலை நேராக இருக்கும்போது அதன் எடை நாலரை, ஐந்தரை கிலோ. 15 டிகிரி முன்னால் குனிந்தால் கழுத்துக்கு அது 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. நாம் மடியில் போனை வைத்துப் பார்க்கும்போது கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் குனிகிறோம், அதாவது ஒரு அரிசிச் சிப்பத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. கம்ப்யூட்டர் கணக்கு இது, ஆளை வைத்து அளந்தது இல்லை, இருந்தாலும் சாயங்காலம் பிடரியில் கை வைத்துப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை. தங்கச்சியின் தலைவலி பிடரியிலிருந்து கிளம்பி முன்னால் வருகிறதா, கண்ணுக்கு மேலே ஆரம்பிக்கிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டுப் பார். டவர் வந்த காலத்திலேதான் பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு, அவனோடு சேர்ந்து சின்னத் திரையை அவளும் பார்க்கிறாள் என்று நீயே போன தடவை எழுதியிருந்தாய். கண்ணாடிப் பவரை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது?

அவளுக்கு வருகிற தலைவலி பொய் என்று நான் சொல்லவே இல்லை, அதை நீ அவளிடம் சரியாகச் சொல்ல வேண்டும். போன் சிக்னல் பட்டாலே உடம்பு முடியவில்லை என்கிறவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, சிக்னலைப் போட்டிருக்கிறார்களா அணைத்திருக்கிறார்களா என்று சொல்லாமலே பலமுறை சோதித்திருக்கிறார்கள். வலி வந்தது, ஆனால் போட்டபோதும் வந்தது, அணைத்தபோதும் வந்தது. வலி நிஜம், காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடாமல் டவரைத் திட்டிக்கொண்டிருந்தால் தலைவலி அப்படியேதான் இருக்கும்.

சரி, கதிர்வீச்சுக்கு வருகிறேன், நீ பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதால் இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு போன் அலைகளை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது உண்மை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் போதவில்லை என்பதுதான் அந்தப் பிரிவு. ஆசிய நாடுகளில் பழைய முறையில் ஊறப்போடுகிற காய்கறியும் அதே பட்டியலில் இருக்கிறது. உனக்கு வந்த வீடியோவில் முதல் பாதி மட்டும் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு, 1994-லிருந்து 2022 வரை வந்த 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசி 2024-ல் வெளியிட்டார்கள், பத்து வருஷத்துக்கு மேல் பேசினவர்களுக்கும் மூளையில் கட்டி கூடுதலாக வரவில்லை என்று வந்தது. இந்த அலைகளுக்கு எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துப்போடுகிற சக்தி கிடையாது, கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்தது. அந்தச் சூட்டுக்கும் நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள், ஒரு கிலோ உடம்புக்கு 1.6 வாட், 2012 செப்டம்பரிலிருந்து. உன் போனில் *#07# அடித்துப் பார், பெரும்பாலான போன்களில் அந்த அளவு திரையில் வந்துவிடும். உன் காது கொதிப்பதற்குப் பெரும்பங்கு பேட்டரியும் உள்ளே வேலை செய்கிற சில்லும்தான், கண்ணாடிப் பலகையைக் காற்றுப் புகாமல் காதோடு அழுத்தினால் சூடாகத்தான் செய்யும்.

டவர் பக்கத்தில் இருந்தால் உன் போன் குறைந்த சக்தியில் வேலை செய்யும் என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கிற இடத்தில்தான் போன் முழு மூச்சையும் போட்டு டவரைக் கூப்பிடும், அப்போது அது இருப்பது உன் காதுக்குப் பக்கத்தில். நீ சிறுமலை அடிவாரத்துத் தோட்டத்தில் நின்று கத்திக் கத்திப் பேசுவாயே, பேச்சைக் குறைக்க வேண்டியது அங்கே. ஸ்டிக்கரும் இதே கதைதான். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் பேசவே முடியாது, பாதி தடுத்தால் போன் இன்னும் சக்தியைக் கூட்டும், ஒன்றும் தடுக்காவிட்டால் காசு போனதுதான் மிச்சம். கோபப்படாதே, பயந்தவனிடம் காசு பார்க்கிற அந்த ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம். உனக்கு மனசு ஆறவில்லை என்றால் ஒயர் வைத்த இயர்போனில் பேசு, இல்லை ஸ்பீக்கரில் பேசு, நாலு விரற்கடை தள்ளினாலே தலையில் படுகிற அளவு மளமளவென்று குறைந்துவிடும், முழங்கையும் நீளும், அதுதான் எனக்கு முக்கியம்.

பெரியப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தது என்று எழுதியிருந்தாய். அவர் விஷயத்தில் மட்டும் கறாராக இரு. போனைச் சட்டைப் பையில் வைக்க விடாதே, இப்போது வருகிற சில போன்களில் காந்தம் இருக்கிறது, அது பேஸ்மேக்கரைக் குழப்பும், அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது போன் தள்ளியிருக்க வேண்டும், பேஸ்மேக்கருக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசச் சொல்.

கண் எரிச்சலுக்கு நான் அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை வாக்கில் இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறதாம், காய்ந்துபோய் எரிகிறது. 20 நிமிஷத்துக்கு ஒருதரம் 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொன்னார்கள், கடையைவிட்டு வெளியே வந்து நின்றால் யானைமலை தெரிகிறது, அதைப் பார்க்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது டாக்டர் வெங்கடசாமியை நினைத்துக்கொண்டேன். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்கத் தன்னைப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்த மனிதர், 1976-ல் வெறும் 11 படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். விரலின் அருமை அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, பன்னிரண்டு மணி வரை டிவி விவாதத்தைப் போனில் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறாய், போனை ஹாலில் வைத்துவிட்டுப் படு.

ஊர்ச் செய்தி: ராமலிங்கம் பேத்திக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள், உன்னைக் கேட்டான். மதினிக்கு முட்டி வலி பரவாயில்லை. மல்லி வரத்து இப்போது அதிகம், விலை கிடையாது, பனி விழுந்தால்தான் ஏறும். பெரியவன் கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறான், கணக்கு எல்லாம் அவன் பார்த்துக்கொள்வதால் காலை பத்து மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை.

அதனால் வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. பெரியாஸ்பத்திரியில் நரம்புப் பிரிவுக்குச் சீட்டுப் போட நானே கூட வருகிறேன், சர்க்கரைக்கு எடுத்த பழைய ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வா, தங்கச்சியையும் கூட்டி வா, கண்ணைக் காட்டிவிடலாம். மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு. வருகிறாயா இல்லையா என்று மட்டும் புதன்கிழமைக்குள் சொல், டைப் அடிக்காதே, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
பாண்டி