பணியாரக்கல்லும் பத்துக் கோடி டிகிரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், லேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காந்தங்களைப் பற்றியும் பத்துக் கோடி டிகிரி பற்றியும் அருமையாக எழுதியிருந்தார்கள். அந்தச் சூட்டை எப்படி அறிகிறார்கள் என்பதை மட்டும் ‘கருவிகள் மூலம்’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டார்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் அப்பத்தா விறகடுப்பில் பணியாரக்கல்லை வைத்தால் நடுக்குழி முதலில் சிவந்துவிடும். ஓரக்குழிகள் வெள்ளையாகவே கிடக்கும். ஒரு குழியைப் பார்த்து எல்லாம் வெந்தது என்று எடுக்க முடியாது. இணைவு நடக்கும் அந்தக் கொதிக்கும் மின்வாயுவான பிளாஸ்மாவுக்கும் ஒரு புள்ளியின் சூடு போதாது. எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

தொட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் தாமாகவே மைக்ரோவேவை வீசுகின்றன. காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகான டெஸ்லா ஒன்றுக்கு நொடிக்கு 2,800 கோடிச் சுற்று. பிளாஸ்மாவைக் காந்தத்தால் அடைத்து வைக்கும், வடை போன்ற டோகமாக் கலத்தில் ஓட்டைப் பக்கம் புலம் வலுவாக இருக்கும், வெளியே வரவரக் குறையும். ஆகவே அலையின் அதிர்வெண்ணே அது கிளம்பிய இடத்தைச் சொல்லிவிடும், அதன் வலு சூட்டைச் சொல்லும். என்ன அழகான ஏற்பாடு! தென்கொரியாவின் கேஸ்டார் டோகமாக்கில் 2010இல் பொருத்திய கருவியில் ஒவ்வோர் அணியிலும் ஆண்டெனாக்கள் மேலிருந்து கீழாக 24. ஒவ்வோர் ஆண்டெனாவின் அலையையும் 8 அதிர்வெண்களாக, அதாவது 8 இடங்களாகப் பிரிக்கிறார்கள். அணிக்கு ஒரு 192 குழிப் பணியாரக்கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதனால் என்ன தெரிந்தது என்பதுதான் முக்கியம். பிளாஸ்மாவின் நடுச்சூடு ஏறி ஏறிச் சட்டென்று விழும். வரைந்தால் ரம்பப்பல் போல இருக்கும். உள்சூடு கலத்தின் வெளிப்பக்கமாகத்தான் பீறிக்கொண்டு போகும் என்று ஒரு கோட்பாடு சொன்னது. ஜெர்மனியின் டெக்ஸ்டார் டோகமாக்கில் எடுத்த மைக்ரோவேவ் படங்களில் ஓட்டைப் பக்கமான உட்பக்கமாகவும் பீறியது. அதைப் படம்தான் காட்டிக்கொடுத்தது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் உருவான மின்வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். குஜராத்தின் காந்திநகரில் 1989இல் ஆதித்யா டோகமாக் இயங்கத் தொடங்கியதை அவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த இதழில் அந்த ரம்பப்பல் படங்களை வரிசையாக, வண்ணத்தில், ஒரு முழுப்பக்கத்துக்குப் போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டச் சொல்லிப் பழைய பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
காரைக்குடி