எங்களுக்குத் தெரியாததல்ல சாமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மலைக்கிராமங்களில் நீடித்த வேளாண்மை, உணவுப் பாதுகாப்பு பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி. ஏற்காடு இருக்கிற எங்கள் சேர்வராயன் மலை மக்களுக்குச் சிறுதானியத்தின் அருமை பற்றிய விழிப்புணர்வு இல்லை, ரேஷன் அரிசிக்குப் பழகிப் பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள், பயிற்சி கொடுத்தால் திருந்துவார்கள் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் படிக்கும் பேப்பர் உங்களுடையது. வேறு பேப்பரில் வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நான் இந்த மலையில் பிறந்து, இதே மலையில் வாழ்க்கைப்பட்டவள். ஆனியில் மழை விழுந்ததும் மேட்டுக்காட்டைப் புழுதி ஓட்டி, ஆடிக்குள் சாமை விதைத்துவிடுவோம். அதோடு துவரை, அவரை, ஓரத்தில் கடுகும் ஆமணக்கும் போடுவோம். மழை ஏமாற்றி ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். உரம் என்றால் ஆட்டுப்புழுக்கையும் மாட்டுச்சாணமும்தான். இப்போது கலப்புப் பயிர் என்று திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதை என் பாட்டி எழுத்து தெரியாமலே செய்தாள். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்து அடித்துத் தொம்பையில், அதாவது தானியக் குதிரில், கொட்டி வாயை மண்ணால் பூசிவிட்டால், வருஷம் தாண்டினாலும் சாமையில் பூச்சி விழாது. விழிப்புணர்வு இல்லாதவர்கள் செய்கிற வேலையா இது?

அப்படியானால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். கட்டுரை எழுதியவர் இங்கே ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தாலே பதில் கிடைத்திருக்கும். கேழ்வரகை மாவு மெஷினில் கொடுத்தால் மாவாகி வந்துவிடும். சாமைக்கு உமி கெட்டி. வெயிலில் காய வைத்து, உரலில் போட்டு, இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். முதல் குற்றில் பாதி உமிதான் போகும். முறத்தில் புடைத்து, மறுபடி குற்றி, மறுபடி புடைத்து, அப்புறம் தண்ணீரில் அரித்துக் கல் எடுக்க வேண்டும். உமித்தூள் கழுத்திலும் கண் இமையிலும் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் அரிக்கும். நூறு கிலோ சாமை குற்றினால் அறுபது கிலோ அரிசி தேறுவதே பெரிது. சாமை அறுப்பு முடிகிற நேரம்தான் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற நேரமும். பொழுது விடிந்ததும் ஜீப் ஏறினால்தான் கூலி. அதற்கு முன்னால் சாமை குற்றிச் சோறாக்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மா அப்படித்தான் எழுந்தாள். அவள் உள்ளங்கை காய்த்துக் காய்த்து, கடைசிக் காலத்தில் சூடு பட்டாலும் உறைக்காமல் போய்விட்டது.

2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. அந்த அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பிள்ளைகள் பசியில்லாமல் படுத்தது அதனால்தான். ஆனால் குற்றாமல் கொள்ளாமல் உலையில் போடுகிற அரிசி கையில் இருக்கும்போது உலக்கையை எடு என்று ஒரு பெண்ணிடம் யார் சொல்வது? கட்டுரை எழுதியவர் சொல்வாரா?

2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று எழுதியிருந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியும் எங்கள் கடைக்கு ஏறி வந்தது அரிசி மட்டும்தான். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் பத்தை ஒட்டித்தான். ஆனால் அந்த முதல் பட்டியலில் எங்கள் மலை இல்லை. தருமபுரி எங்களுக்கு மலையின் மறுபக்கம்தான், எங்கள் வாணியாறு இறங்கி ஓடுகிற மாவட்டம். இந்த மலைக்கு ஏன் இல்லை என்று உங்கள் பேப்பரும் அப்போது கேட்கவில்லை.

அப்புறம் காட்டுமாடு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கதிர் பால் பிடிக்கிற சமயம் பரண் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் போச்சு. தின்றதை விட மிதித்தது அதிகமாக இருக்கும். மீதியைப் பன்றி பறித்துப் போட்டுவிடும். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வருகிற பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். எங்கள் மேட்டுக்காடுகள் காப்புக்காட்டின் ஓரத்திலேயே கிடக்கின்றன. நஷ்டஈடு கேட்டுப் போனால் பட்டா கேட்கிறார்கள், பட்டாவோ இன்னும் என் கணவரின் தாத்தா பேரில் இருக்கிறது. இதற்கு அலைகிற பஸ் செலவுக்குச் சாமை விற்ற காசு போதாது. அதனால்தான் பலர் சாமைக்காட்டில் சில்வர் ஓக் நட்டு, மிளகுக்கொடி ஏற்றிவிட்டார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல?

எங்களைத் திருத்த வருவது புதிதும் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பி கொண்டுவந்தார் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். நல்ல மண் எஸ்டேட்டுக்குப் போய், நாங்கள் சரிவுக்குப் போனதை யாரும் எழுதுவதில்லை. அலுமினியம் எடுக்கிற பாக்சைட் கல்லை வெட்டினார்கள், வெட்டின இடத்தில் எங்கள் சனத்துக்குக் கூலிதான் மிஞ்சியது. 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலுக்கு அமைச்சர்கள் மலையிலேயே முகாம் போட்டார்கள். அப்போது ஊர் ஊராக வந்தவர்களில் அதன்பிறகு எங்கள் ஊருக்கு வந்தவர் யாரும் இல்லை. கோடை விழாவுக்கு அண்ணா பூங்காவில் காய்கறியைச் செதுக்கி வைப்பதை உங்கள் பேப்பர் வருஷம் தவறாமல் கலரில் போடுகிறது. தாலுகாவில் 67 கிராமம் இருக்கிறது. அதில் எத்தனை ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, நினைவிருக்கும். சுற்றுலாப் பயணிகள் தவித்ததை எழுதினீர்கள். எங்கள் ஊர்க் கடைக்கு அரிசி வரவில்லை, காய்கறி வரவில்லை. ஊரில் சில வீடுகளில்தான் இன்னும் தொம்பையில் சாமை இருந்தது. என் நாத்தனார் வீட்டில் இருந்தது. அவள் உரலைக் கழுவிக் குற்றி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு படி கொடுத்தாள். உணவுப் பாதுகாப்பு என்று எங்களிடம் கேட்டால் அதைத்தான் சொல்வோம். வீட்டில் தானியம் இருக்க வேண்டும், அதைச் சமைக்க வழி இருக்க வேண்டும். வழி இருக்கத்தான் இருக்கிறது. பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எத்தனையோ வருஷம் முன்பே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்க்குழுக்களிடம் கொடுத்து நடத்த வைத்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எங்களையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு மெஷின் எப்போது வரும் என்று எழுந்து கேட்டேன். பேரையும் ஊரையும் குறித்துக்கொண்டார்கள். இன்னும் உரல்தான்.

ஐயா, மெஷினை நீங்கள் வாங்கித் தர முடியாது என்று எனக்குத் தெரியும். உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். சேலம் பதிப்பில் தங்கம், நாமக்கல் முட்டை, மஞ்சள், ஜவ்வரிசி எல்லாவற்றுக்கும் விலை போடுகிறீர்கள். சாமைக்குப் போடுவதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிற லீ பஜார் சந்தைக்கு மூட்டையோடு இறங்கினால், கல் இருக்கிறது, தூசி இருக்கிறது என்று சொல்லி வியாபாரி வைத்ததே விலை. திரும்ப மலை ஏற்ற வண்டிக் கூலி ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அதே சாமை அரிசி டவுன் கடையில் பாக்கெட்டில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. வாரத்துக்கு ஒரு தடவை சாமை, கேழ்வரகு, தினை இந்த மூன்றின் லீ பஜார் விலையையும் அந்தப் பட்டியலின் கீழே சேர்த்துப் போடுங்கள், மூன்று வரிதான் ஆகும். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்றைக்கு ஒரு பேப்பர் எடுத்து வைக்கச் சொல்லி பஸ் நிறுத்தத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு மலைக்கிராமத்து வாசகி,
ஏற்காடு தாலுகா, சேலம் மாவட்டம்.