கடைசிப் பக்கம்: அக்காவுக்கு

அக்கா,

காணாமல்போன தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்கள் என்பதை மாமி சொல்லித்தான் அறிந்தேன். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. "முடிவில்லாத கதையளை வாசிச்சு வாசிச்சுத்தான் உனக்கு இந்த விசர்" என்றீர்களே, அதற்குத்தான் பதில்.

அந்த 'ஹாங்கிங் றொக்' நாவலைத் தந்தது நான்தான். அது உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் நீங்கள் கேட்டுத்தான் தந்தேன்.

கரண்ட் இல்லாத இரவு. விறாந்தையில் இருந்து லாம்பு வெளிச்சத்தில் முடித்தீர்கள். மலைக்குப் போய்க் காணாமல்போன மாணவிகளில் ஒருத்தி மட்டும் திரும்பிவருகிறாள், அவளுக்கும் எதுவும் நினைவில்லை. கடைசித் தாளுக்கும் மட்டைக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவினீர்கள். புத்தகத்தை அகல விரித்து, தையலை லாம்புக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கியது, யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நினைத்தீர்கள். "மிச்சம் எங்கயடி?" என்று கேட்ட குரல் புத்தகத்தைக் கேட்ட குரல் அல்ல. மட்டையின் உள்பக்கத்தில் உங்கள் நகம் சுரண்டிய இடம் இன்னும் இருக்கிறது.

மிச்சம் இருந்ததுதான், அக்கா. ஜோன் லின்ட்ஸி கடைசி அத்தியாயத்தையும் எழுதியிருந்தார். 1967இல் நாவல் வந்தபோது அது சேர்க்கப்படவில்லை. அவர் 1984இல் இறந்தபிறகு, 1987இல் அச்சானது. அதையும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் எனக்குப் பயம் போனது, பிள்ளைகளும் போய்விட்டார்கள். அதுவரை அவர்கள் எங்கோ நடந்துகொண்டிருந்தார்கள்.

முடிக்கத் தெரியாமல் விட்ட கதையை நானும் தூக்கி எறிவேன். நல்லது வேறு. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய பேய்க்கதையில் ஆவிகள் உண்மை என்றாலும் தடயங்கள் பொருந்தும், பார்த்தவளின் மனம்தான் கலங்கியது என்றாலும் பொருந்தும். ஒன்றைப் பிடித்தால் மற்றது உறுத்தும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான், கண்டேன் என்றும் ஆட்கள் வந்தார்கள், இல்லை என்றும் வந்தார்கள். பலரும் வாசிக்கும் இடம் இது, அதோடு விடுகிறேன். உங்களுக்கு விளங்கும்.

உங்களுக்கு எப்போதும் ஒரு முடிவு வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போனால் அந்த ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவின் தூணைச் சின்னவனுக்குக் காட்டி, 1687இல் காதலன் கப்பலேற, அவள் மலையிலிருந்து குதித்தாள் என்பீர்கள். அவள் பிறகு கலியாணம் கட்டி வாழ்ந்தாள் என்றும் எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் சின்னவன் கைதட்டினான். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

இலங்கையின் 2016 சட்டப்படி, இறந்துவிட்டான் என்று இல்லாமல் 'காணவில்லை' என்றே சான்றிதழ் எடுக்கலாம். அதைக்கொண்டும் பல அலுவல் பார்க்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அவன் எனக்கும் தம்பி.

கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது நீங்கள். அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்ததும் நீங்கள். உங்கள் கால் வீக்கம் வற்றியதா என்று மாமியிடம்தான் விசாரிக்கிறேன். இவள் புத்தகத்தோடு கிடந்தாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். தெரியாமலே இருந்துகொண்டும் ஒரு மனுசி சோறு காய்ச்சலாம், வேலைக்குப் போகலாம் என்று ஆறுதல் சொல்ல வந்த ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் புத்தகங்களிடம்தான் அதைப் படித்தேன்.

திவசத்துக்கு வருவேன். விடியவே வந்து மரக்கறி வெட்டித் தருவேன். ஐயர் திதி கேட்டால் நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன்.