தண்ணீரும் இறங்காத தொண்டை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சைக்கிள் பழகிவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷம். உன் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் வழக்கம்போல ஒரு வரியும் காணோம்.

எனக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டிருந்தாய். நோய்க்கு அக்கலேசியா என்று பேர். வருஷத்துக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புதிதாக வருமாம். ஒருநாளும் லாட்டரி விழாத எனக்கு இது விழுந்திருக்கிறது!

உணவுக்குழாய் இரைப்பையைத் தொடும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அதைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் இறுகியே கிடக்கும். உணவைக் கீழே தள்ளும் அசைவும் குழாய்க்கு நின்றுபோகும். எனக்குச் சோறு மட்டுமல்லடி, தண்ணீரே நெஞ்சில் நின்றது. கட்டி ஏதாவது இருந்தால் பெரும்பாலும் கெட்டியான உணவுதான் முதலில் அடைக்கும். ஆரம்பத்திலேயே தண்ணீரும் சேர்ந்து அடைத்தால் இந்த நோயைச் சந்தேகப்பட வேண்டுமாம். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வரும். புளிப்பே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போன இடமெல்லாம் அல்சர், கேஸ் என்று மாத்திரைதான் கொடுத்தார்கள். இரைப்பைக்கே போய்ச் சேராத சோற்றில் அமிலம் எங்கிருந்து வரும், சொல்லு.

எண்டோஸ்கோப்பியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குழாயின் அடிப்பக்கம் பறவை மூக்கு மாதிரி கூராக இருந்தது. மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டு அழுத்தம் பார்க்கும் மேனோமெட்ரிதான் கடைசியில் உறுதி செய்தது. அதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர், நுனியில் கடற்பஞ்சு கட்டிய குச்சியால் உணவை உள்ளே தள்ளச் சொல்லி ஒருவரைப் பிழைக்கவைத்தாராம். அந்த ஆளும் ஆண்டுக்கணக்கில் அப்படியேதான் சாப்பிட்டார்! இன்றைக்குப் பலூன் வைத்து அந்த இடத்தை விரிக்கிறார்கள். இல்லையென்றால் தசையை வெட்டிவிடுகிறார்கள். 1913இல் ஜெர்மனியில் ஹெல்லர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்த அறுவையை இப்போது வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். எனக்குச் செய்தது ‘போயம்’. ஜப்பானில் இனோவே என்பவர் 2008இல் முதன்முதலாகச் செய்தது. வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, குழாயின் சுவருக்குள்ளேயே சுரங்கம் போட்டுப் போய்த் தசையை வெட்டுகிறார்கள். வெளியே ஒரு தழும்பும் கிடையாது.

போன நரம்பு திரும்பி வராது. வழிதான் திறந்திருக்கிறது, உணவு பெரும்பாலும் தன் எடையால் இறங்குகிறது. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, மென்று, நடுநடுவே வெந்நீர் குடித்துச் சாப்பிடுகிறேன். கதவு திறந்தே இருப்பதால் அமிலம் இப்போது நிஜமாகவே மேலே வருகிறது. அன்றைக்குக் காரணமில்லாமல் விழுங்கிய அதே மாத்திரையை இன்றைக்குக் காரணத்தோடு விழுங்குகிறேன். தலைமாட்டையும் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

தை மாதம் உன் மகன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவை. அங்கேதான் இலையை எடுக்க அவசரப்படுத்த ஆள் இருக்காது.

அன்புடன்,
சரோஜா