நீ கேட்ட வார்த்தை

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. பின்கட்டு முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

நீ போன் பண்ணி இன்றோடு 19 நாள். அன்றைக்கு "எம்பெசில்மென்ட்னா திருட்டுதானேப்பா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் "ஆமாம், கையாடல்" என்று சொல்லிவிட்டேன். நீ வைத்துவிட்டாய். 31 வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிற பதிலா அது? ஆற அமரச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் எல்லாமே ஃப்ராடுதான். பாலில் தண்ணீர் ஊற்றினாலும் ஃப்ராடு, சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடினாலும் ஃப்ராடு. இங்கிலீஷில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் உன் மாமா விஷயத்தை மறைத்தோமே, அது வைட் லை, நல்லதுக்குச் சொன்ன பொய். ஆள்மேல் சந்தேகம் மட்டும் இருந்தால் ஷேடி. வெறும் சந்தேகம்தான், அதை வைத்து யாரையும் திருடன் என்றுவிட முடியாது. கான்மேன் என்பது கான்ஃபிடென்ஸ் மேன் சுருங்கி வந்தது. நியூயார்க்கில் வில்லியம் தாம்ப்சன் என்று ஒருவன், பார்க்கக் கனவான் மாதிரி இருப்பான். தெருவில் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, "என்மேல் நம்பிக்கை வைத்து நாளைவரை உங்கள் கடிகாரத்தைக் கொடுப்பீர்களா?" என்று கேட்பான். கழற்றிக் கொடுத்தார்கள்! 1849இல் பிடிபட்டபோது பத்திரிகை வைத்த பெயர் அது. ஃபோர்ஜரிக்கு, அதாவது கள்ளக் கையெழுத்துக்கு, நான் வகுப்பில் சொல்வது நம் தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த கிளைவைத்தான். 1757இல் கல்கத்தா வியாபாரி அமிசந்தை ஏமாற்றச் சிவப்புத் தாளில் ஒரு போலி ஒப்பந்தம். அட்மிரல் வாட்சன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும், அவர் கையெழுத்தை வேறு ஆளை விட்டுப் போட வைத்தார்.

எம்பெசில்மென்ட் இதில் எதிலும் சேராது. யாரும் பூட்டை உடைப்பதில்லை. பணம் முறைப்படி, உன்னை நம்பி, உன் கைக்கே வருகிறது. அங்கேதான் கை பிசகுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி கண் விழிக்காதே.

உன் கம்பெனியில் மொத்தக் கணக்கையும் உன்னிடம் விட்டிருக்கிறார்கள் என்று மஞ்சக்குப்பத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பிள்ளை அம்மாவிடம்கூட 19 நாளாகப் பேசவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் போனை எடுத்துப் பேசு.

2011இல் உன் முதல் வருஷக் காலேஜ் பணம் கட்டினோமே, நகையை வைத்துக் கட்டியதாகத்தான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவும் போன வாரம்வரை அப்படித்தான் நினைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தஞ்சாவூர் கூட்டிப்போக 46 பேரிடம் தலைக்கு 350 ரூபாய் வாங்கி மஞ்சள் கவரில் என் பீரோவில் வைத்திருந்தேன். 16,100. அதில் 12,000 எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிட்டேன், ஒன்பது நாள்தான். யாருக்கும் தெரியாது. மீனவர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் சில்லறையாகக் கொட்டினாள். கருவாட்டு வாடை அடித்தது. அவளை உட்காரவைத்து இரண்டு தடவை எண்ணி, "சரியா இருக்கும்மா" என்று சொன்னேன். அந்தப் பணத்தைத்தான் எடுத்தேன். கடன் வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிட்டயர் ஆன பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது பார்த்தேன்: கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்தாலும் அது கையாடல்தான் என்று விளக்கமே போட்டிருக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் விளக்கேற்றப் போய்விட்டாள்.

நீ எதற்காக அந்த வார்த்தையைக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. ஆபீஸில் யாரோ பேசியிருப்பார்கள், காதில் விழுந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். போனை எடுத்துப் பேசு. உனக்கு எதற்காவது தேவையென்றால் போஸ்ட் ஆபீஸில் போட்ட பணம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு என்று மட்டும் சொல். இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன்.

அப்பா
கடலூர்