"தொட்டானா?" என்று மட்டும் கேட்கும் சட்டம்: நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதி அமைச்சர் அவர்களுக்கும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினருக்கும்,

வணக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்குப் போன் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 இல் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பாடங்களை வாட்ஸ்அப்பில் பார்க்கச் சொன்னபோது, கடன்பட்டு வாங்கிய போன்கள் அவை. தாய் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள், தகப்பன் கொழும்பில் ஏதாவது கடையில் நிற்பான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிள்ளையும் போனும்தான். இது தெரிந்தே, பிள்ளைகளுக்குப் பாலியல் செய்தி அனுப்பச் சிலர் தேடி வருகிறார்கள்.

அண்மையில் ஒரு தாய், பதின்மூன்று வயது மகளின் போனோடு என்னிடம் வந்தார். அதில் இருந்த மெசேஜ்களை அனுப்பியவன் முப்பதைத் தாண்டிய ஆள். முதலில் "சாப்பிட்டியா தங்கச்சி", அப்புறம் "யாருக்கும் சொல்லாதே". அதற்கப்புறம் வந்ததை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் பொலிஸுக்குத் துணையாகப் போனேன்.

முறைப்பாட்டை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாக நான் வாசித்து, சிங்களத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வாங்கில் ஏதோ வாகன விபத்துக்காக வந்திருந்த இருவர் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூட டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஓரிடத்தில் எழுதுபவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன, என்ன?" என்றார். அதே வரியை அவளுக்கு முன்னால் இன்னொரு தடவை சொன்னேன்.

பிறகு கேள்விகள். தொட்டானா? எங்கேயாவது வரச் சொன்னானா? படம் கேட்டானா? மூன்றுக்கும் இல்லை என்றோம். பேனையை வைத்துவிட்டார். "பிள்ளையும் இதயப் படம் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறதே, இதை எந்தப் பிரிவில் போடுவது?" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் சட்டம் அப்படி. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு சொல்லால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றம் என்கிறது, ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் தொந்தரவு ஏற்பட்டிருக்க வேண்டும். இனிக்க இனிக்கப் பேசி வசப்படுத்தப்பட்ட பிள்ளை சிரித்த முகமல்லவா அனுப்பும்? 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் எந்த வழியிலானாலும் பிள்ளையைத் தூண்டி அழைப்பதைக் குற்றமாக்கியது. அங்கே துஷ்பிரயோகம் செய்யும் நோக்கத்தைக் காட்ட வேண்டும். ஒன்று பிள்ளையின் மனதைக் கேட்கிறது, மற்றது அவன் அடுத்து என்ன செய்ய இருந்தான் என்று கேட்கிறது. அவன் ஏற்கெனவே அனுப்பிவிட்டதைப் பார்த்து, இதுவே குற்றம் என்று நேராகச் சொல்லும் பிரிவுதான் எங்களுக்கு வேண்டும்.

1883 இல் இந்தச் சட்டக்கோவையை நமக்குத் தந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, தன் பாலியல் இன்பத்துக்காக வயதுவந்த ஒருவர் பாலியல் செய்தி அனுப்பினாலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. பிள்ளை பதில் போட்டதா, ஆள் சந்திக்க நினைத்தானா என்ற கேள்வியே இல்லை. அவர்களும் 2015 இல் நிறைவேற்றிய பிரிவை 2017 ஏப்ரல் 3 வரை நடைமுறைக்குக் கொண்டுவராமல்தான் வைத்திருந்தார்கள். தாமதத்தில் நாம் மட்டும் விசேஷமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க இந்தியா 2012 இல் கொண்டுவந்த போக்சோ சட்டத்திலும் பாலியல் நோக்கத்தோடு பிள்ளையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குற்றம். நாம் மட்டும் இன்னும் "தொட்டானா?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேகம் தெரியாத நாடா இது? எத்தனை எதிர்ப்பு வந்தும் 2024 ஜனவரியில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டியது நம் பாராளுமன்றம்தானே. அந்த அவசரத்தில் கால்வாசி போதும் எங்களுக்கு. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம். அப்படியிருந்தும் அந்தத் தாய் தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போயிற்று. மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு வருடமென்று 2023 இல் "மலையகம் 200" கொண்டாடி, மேடை மேடையாக எங்களைப் புகழ்ந்தவர்களை அன்று அந்த வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பாலியல் செய்தி அனுப்புவதையே தனிக் குற்றமாக்குங்கள். பிள்ளை என்ன பதில் போட்டது என்பது அனுப்பியவனுக்குச் சாக்காக இருக்கக் கூடாது. இப்படியான முறைப்பாடுகளை மூடிய அறையில், தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் எழுத ஏற்பாடு செய்யுங்கள். திருத்த வரைவு எப்போது பாராளுமன்றத்துக்கு வரும் என்பதையும் தயவுசெய்து அறியத் தாருங்கள். பதிலைத் தமிழில் அனுப்பினால் அந்தத் தாயும் வாசிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்