முதல் மூன்று வாரம் பேச்சுக்கு மதிப்பெண் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் பாலக்காட்டிலும் உள்ள கல்லூரிகளில் எம்.பி.ஏ. முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் பருவம் இது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவள் நான். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பிறகு அறிவியலில் பட்டம் பெற்று, சென்ற ஆண்டு கோவையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். இப்போது இரண்டாமாண்டு. என் ஊர்ப் பக்கத்திலிருந்து இந்த ஆண்டும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதால், முதல் சில வாரங்களில் மாணவர்கள் மீது விழும் ஒரு சுமையைப் பற்றி, கல்லூரி நடத்துவோரும் பெற்றோரும் அறியும்படி எழுத விரும்புகிறேன்.

எங்களுக்கு அறிமுக நிகழ்ச்சி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் காலை, கோட்டு அணிந்து, புது ஷூ கடிக்க, நூற்று இருபது பேர் முன்னால் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் தங்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது என் பெயரையும் ஊரையும் பட்டத்தையும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா ஆறு மாடு வைத்து கேரளத்தின் பால் கூட்டுறவு அமைப்பான மில்மாவின் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர் என்பதையோ, ஏழாம் வகுப்பிலிருந்து அந்தப் பால் கணக்கை நான்தான் எழுதி வந்தேன் என்பதையோ அந்த மேடையில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மௌனத்துக்கு அன்று யாரும் மதிப்பெண் போடவில்லை. நான்காம் நாள் முதல் போடத் தொடங்கினார்கள்.

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதி வகுப்பில் பேசுவதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. யார் பேசினார், யார் பேசவில்லை என்பது முதல் வகுப்பிலிருந்தே குறிப்பேட்டில் ஏறியது. சந்தைப்படுத்தல் பாடத்தின் முதல் கேஸ் ஸ்டடி, அதாவது வகுப்பில் விவாதிக்கத் தரும் ஒரு தொழில் சிக்கலின் விவரம், அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் விலை நிர்ணயத்தைப் பற்றியது. பதினான்கு பக்கம், முந்தைய நாள் மாலைதான் கையில் கிடைத்தது. ஒரே பொருளை ஒரே நாளில் இரண்டு விலைக்கு விற்பது நியாயமாகுமா என்று ஆசிரியர் கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் ஊற்றும் பாலுக்கு ஒரே விலை கிடைப்பதில்லை. கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்துதான் விலை போடுவார்கள், காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்குமே கொழுப்பு மாறும், அதனால் ஒரே மாட்டின் பாலே ஒரே நாளில் இரண்டு விலை பெறும், அதை அநியாயம் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. ஓணம் நெருங்கும்போது கேரளத்தில் பாலுக்குத் தட்டுப்பாடு வரும்; அப்போது வெளியாட்கள் வீட்டு வாசலுக்கே வந்து லிட்டருக்குச் சங்கத்தைவிட அதிக விலை தருவதாகச் சொல்வார்கள். பால் மிஞ்சும் மாதங்களில் ஒரு நாள்கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்பாத சங்கத்தை ஓணத்துக்காக விடக் கூடாது என்று அப்பா அவர்களுக்குக் கொடுக்க மாட்டார். இவ்வளவும் என் மனதில் தமிழில் வரிசையாக வந்து நின்றது. அதை ஆங்கிலத்தில் அடுக்கி முடிப்பதற்குள் நான்கு பேர் பேசி முடித்திருந்தார்கள், மணியும் அடித்துவிட்டது. அன்றைய குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே சுழி.

ஒரு நாள் சுழியால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் முதல் வாரத்தில் வாய் திறக்காதவர் இரண்டாம் வாரத்தில் திறப்பது அதைவிடக் கடினம். யார் பேசுபவர், யார் பேசாதவர் என்பது பத்து நாளில் வகுப்புக்குள் முடிவாகிவிடுகிறது; குழு சேரும்போதும், மன்றங்களுக்குப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், வேலைவாய்ப்புக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போதும் அதே முடிவுதான் எதிரே வந்து நிற்கிறது. இவை எல்லாமே முதல் ஐந்து வாரங்களுக்குள் நடந்து முடிகின்றன.

கணக்குப்பதிவியல் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறியியலும் அறிவியலும் படித்து வருபவர்களுக்கு இது புதிய பாடம் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டுக் கணக்கில் கைக்கு வந்த பணத்தை வரவு என்று எழுதியே வளர்ந்தோம். வங்கிப் புத்தகத்திலும் பணம் போட்டால் வரவுதான். ஆனால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் ரொக்கக் கணக்கில் உள்ளே வரும் பணம் பற்று, வெளியே போவது வரவு. வங்கி எழுதுவது வங்கியின் கணக்கு, அங்கே என் பணம் அவர்கள் எனக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதனால்தான் அது அவர்கள் ஏட்டில் வரவாகிறது என்று, தமிழ்நாட்டில் பிளஸ் டூ வணிகவியல் படித்த தோழி ஒருத்தி உணவுக்கூடத்தில் பத்து நிமிடத்தில் விளக்கினாள். இரண்டு வாரம் எனக்குப் புரியாமல் இருந்தது அந்தப் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால், முதல் தேர்வில் எங்கள் வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் தோற்றிருக்க மாட்டார்கள்.

குழு வேலை மாலையில்தான் தொடங்கும். விடுதியில் இருப்பவர்கள் இரவு எட்டு மணிக்குக் கூடி ஒரு மணி இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுநாள் காலைக்கான விளக்கக்காட்சியைத் தயாரிப்பார்கள். முதல் மாதம் நான் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஏழு மணிப் பேருந்தை விட்டால் வீடு சேர வழியில்லை. என் பங்கை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், காலையில் வகுப்பின் முன் நின்று பேசுபவர்கள் இரவு உடன் இருந்தவர்கள்தான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு கல்விக் கடனில் கொஞ்சம் கூட்டி வாங்கி விடுதிக்கு மாறினேன். எல்லாப் பிள்ளைகளாலும் அப்படி மாற முடியாது.

கேஸ் முறையையே குறை சொல்வது என் நோக்கமன்று. 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது என்று எங்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பள்ளியின் துணையோடு 1961-இல் உருவான அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் வழியாக அந்த முறை நம் நாட்டில் வேர்பிடித்தது. ஒருவர் தம் சொந்தத் தொழிலில் சந்திக்கக்கூடிய சிக்கலை முன்வைத்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது மிக நல்ல முறை. அதனால்தான் முதல் வாரக் கேஸ்கள் எங்களுக்குத் தெரிந்த மண்ணிலிருந்து வர வேண்டும் என்று கேட்கிறேன். சித்தூரில் விடியலில் இறக்கிய கள் புளிப்பதற்குள் கேரளத்தின் தென்மாவட்டங்கள் வரை எப்படிப் போய்ச் சேர்கிறது? ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி விலையைக் கேரளத்தின் பண்டிகைகள் எப்படி அசைக்கின்றன? தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாறில் மணிக்கணக்கில் நின்ற லாரிகளின் வாடகை, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச் சாவடி போன பிறகு எப்படி மாறியது? இவற்றை எழுத இரண்டு பக்கம் போதும். இவற்றைப் பற்றிப் பேச எங்கள் எல்லையோர ஊர்களின் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருக்காது.

வேலை தரும் நிறுவனங்கள் ஆங்கிலப் பேச்சை எதிர்பார்க்கின்றன, அதை முதல் நாளிலேயே பழக்குவதுதான் நல்லது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். பழக்குவதை நான் வரவேற்கிறேன். பழகும் முன்பே மதிப்பெண் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-இல் வகுத்தது. மொழியிலும் அடிப்படைத் திறன்களிலும் பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுவது அதன் ஒரு பகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019-இல் இதே போன்ற வழிகாட்டியை வெளியிட்டது. எம்.பி.ஏ. மாணவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள், அவர்களுக்கு இது தேவையில்லை என்று எங்கள் கல்லூரி எண்ணியிருக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பில் வேதியியலும் தமிழ் இலக்கியமும் இயந்திரப் பொறியியலும் படித்தவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே கல்லூரி இயக்குநர்களிடம் நான் வேண்டுவது இது: முதல் மூன்று வாரம் வகுப்பில் பேசியதற்கோ பேசாததற்கோ மதிப்பெண் பதியாதீர்கள். அந்த நாட்களில் கணக்குப்பதிவியலும் புள்ளியியலும் அறியாதவர்களுக்குத் தனியே அடிப்படை சொல்லிக்கொடுங்கள். குழுக்களை வணிகவியல் படித்தவர் ஒருவராவது இருக்கும்படி நீங்களே அமையுங்கள். குழு கூடுவதற்குக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே ஒரு மணி ஒதுக்குங்கள்.

இது பயன் தரும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. ஆறாவது வாரத்தில் அதே சந்தைப்படுத்தல் ஆசிரியர் என்னை அறைக்கு அழைத்து, ஏன் பேசுவதில்லை என்று கேட்டார். நான் தமிழில் பால் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, இதை நாளை வகுப்பில் சொல், சொல் கிடைக்காத இடத்தில் தமிழிலேயே சொல் என்றார். மறுநாள் அப்பா ஏன் ஓணத்துக்குப் பாலை வெளியே விற்பதில்லை என்ற கேள்வியில் வகுப்பு அரை மணி நேரம் நின்றது. அப்பா செய்வது தவறு, சங்கத்தோடு பேசி ஓண மாதத்துக்கு மட்டும் கூடுதல் விலை கேட்டிருக்க வேண்டும் என்று வாதிட்ட தோழனின் கருத்தை அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா அதைச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் எழுப்பினார்.

இந்த ஆண்டு புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல்களில் பற்று வரவு சொல்லிக்கொடுக்க, எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து துறைத் தலைவரிடம் ஓர் அறை கேட்டிருக்கிறோம். பேருந்தில் வந்து போகிறவர்களுக்கு வசதியாக ஐந்து மணிக்கு முடித்துவிடுவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
எம்.பி.ஏ. இரண்டாமாண்டு மாணவி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.